சேதுக்கரையிலிருந்து ஓரியூர் வரை: அம்மாவின் வேண்டுதல்கள்

புதன், தேவிபட்டினம்

மதுரையில் விடியற்காலை பஸ் ஏறி ராமநாதபுரம், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் தேவிபட்டினம். நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, செவ்வாயும் வெள்ளியும். தம்பி லீவு போட்டுவிட்டு வந்து வீட்டில் இருக்கிறான். "நீ ரெண்டு நாள் எங்கயாவது போய் ஓய்வெடும்மா" என்று அவன்தான் கிளப்பிவிட்டான். அம்மா ஓய்வெடுக்கவா வந்திருக்கிறார்? ஒரு வருஷமாக யார் யாருக்கோ வேண்டிக்கொண்டு, அதையெல்லாம் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார், அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். பெருமாள், தர்கா, ராமநாதசாமி, அந்தோணியார், அருளானந்தர் என்று வரிசை. இந்தக் கடற்கரைப் பக்கம் யாரிடம் காட்டினாலும் அந்தப் பட்டியலைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார்கள். அவர்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும்.

தேவிபட்டினத்தில் நவக்கிரகமென்று ஒன்பது கற்கள் கடலுக்குள்ளேயே நிற்கின்றன. சேது கட்டப் போகும் முன் சனி தோஷம் நீங்க ராமர் வைத்தது என்பது ஊர்க்கதை. பூசை நடக்க அலை அடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம், அதற்குத்தான் பக்கத்தில் கடலடைத்த பெருமாள் கோயில். கத்திரி வெயில், ஆனால் தண்ணீர் இதமாக இருந்தது. ஆட்கள் கழற்றிவிட்டுப் போன வேட்டி, சேலை எல்லாம் காலில் சுற்றுகிறது. கஷ்டத்தைக் கடலில் விடுங்கள், சரி, உடுப்பையும் ஏன் விடுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

நவதானியம் விற்கிற இடத்தில் ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார். அஷ்டமத்துச் சனியா, ஏழரையா, என்ன ராசி, பரிகாரத்துக்கு இவ்வளவு, தம்பதியாகச் செய்தால் இவ்வளவு. அம்மா திரும்பி நின்று, "எங்க வீட்டுக்காரருக்கு கிட்னிப்பா, சனி இல்ல" என்றார். மனிதர் வாயடைத்துப் போனார்.

கற்களைச் சுற்றி வரும்போது அம்மாவுக்கு உதடு மட்டும் அசைவது வழக்கம். இன்று அலைச் சத்தத்தில் தனக்கே கேட்க வேண்டுமென்றோ என்னவோ கொஞ்சம் உரக்க முணுமுணுத்தார். "வெள்ளிக்கிழம மிஷின்ல போடும்போது பிரஷர் இறங்கக் கூடாது." அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு முன் இதே அம்மா மீனாட்சி சன்னதியில் நின்று, கிட்னி பழையபடி வேலை செய்ய வேண்டும், அங்கப்பிரதட்சணம் செய்கிறேன் என்று அழுதது எனக்குத் தெரியும்.

வியாழன், திருப்புல்லாணி, பிறகு ஏர்வாடி

திருப்புல்லாணியில் ராமர் படுத்திருக்கிறார். பாம்பணை இல்லை, தர்ப்பைப்புல் மேல். இலங்கைக்குப் போக வழி விடு என்று கடலரசனைக் கேட்டு மூன்று நாள் இப்படியே கிடந்தார், கடலரசன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நான்காம் நாள் ராமர் வில்லை எடுத்த பிறகுதான் ஓடி வந்தான். சின்ன வயதில் இந்தக் கதை எனக்கு வில்லை எடுக்கிற இடத்தில்தான் தொடங்கும். இன்று அந்தச் சன்னதியில் நிற்கும்போது மூன்று நாள்தான் பெரிதாகத் தெரிந்தது. பதில் வராத மூன்று நாளை ஒரு கோயிலாகக் கட்டி, அந்தக் கோலத்தையே கும்பிட வைத்திருக்கிறார்கள். ஜெயித்து வந்த ராமருக்குக் கோயில் எங்கும் உண்டு. கேட்டுவிட்டுக் காத்துக் கிடக்கிற ராமரைப் பார்க்க இங்கே வர வேண்டியிருக்கிறது.

கூட்டம் இல்லாததால் பட்டர் நின்று பேசினார். வைணவத்தில் இதைப் பற்றிப் பெரிய விசாரமே உண்டாம். இதே கடற்கரையில் விபீஷணன் ராமரிடம் சரணாகதி செய்தான், உடனே பலித்தது. ராமர் கடலிடம் சரணாகதி செய்தார், பலிக்கவில்லை. ஏன்?

"அவர் கையில வில் இருந்ததும்மா. வேற போக்கே இல்லாதவன் பண்றதுதான் சரணாகதி."

அம்மா யோசித்தார். "எங்க கையில காப்பீட்டு அட்டை இருக்கு சாமி. அப்ப எங்களுக்குப் பலிக்காதா?"

பட்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அட்டைய வச்சுண்டே கேளுங்கோ, ஒண்ணும் தப்பில்லே" என்று சடாரி வைத்தார்.

எனக்கு என்னவோ அந்த விளக்கத்தை விட அம்மாவின் கேள்விதான் சரி என்று படுகிறது. போக்கே இல்லாத நிலை என்று ஒன்று சுத்தமாக யாருக்கு வருகிறது? மருந்து இருக்கிறது, மிஷின் இருக்கிறது, தம்பி இருக்கிறான், கடன் கொடுக்க ஒரு சித்தப்பா இருக்கிறார். எல்லாம் இருந்தும் போதவில்லை, அந்தப் போதாத இடத்தில்தானே ஆள் கடவுளைக் கூப்பிடுகிறது.

பிள்ளை வரம் கேட்டு வந்த ஒரு ஜோடி நாகப் பிரதிஷ்டை செய்த கல்லுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார்கள், தசரதர் பிள்ளை வேண்டி இங்கேதான் வந்தார் என்று தலபுராணம். பாயசம் பிரசாதம் நன்றாக இருந்தது. சேதுக்கரைக்கு ஆட்டோவில் போய், கடலைப் பார்த்து நிற்கிற அனுமாரைக் கும்பிட்டுவிட்டு, காலை நனைத்துவிட்டுத் திரும்பினோம். அங்கே சொல்ல வேறெதுவும் இல்லை.

ஏர்வாடியைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று ராத்திரி வெகு நேரம் யோசித்தேன்.

வியாழன் சாயங்காலம் என்பதால் தர்காவில் நெருக்கடி. சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீது பாதுஷா அடங்கியிருக்கிற இடம். சந்தனமும் ஊதுபத்தியும் கலந்த வாசனை, மல்லிகைப் போர்வை, மயிலிறகு. வாசலில் செருப்பு விடுகிறவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறோ குங்குமமோ இருந்தது. இங்கே மனநலம் பாதித்தவர்களைக் கூட்டி வந்து தங்குகிறார்கள், நாள் கணக்கில், சிலர் மாதக் கணக்கில். மரத்தடியில், கொட்டகையில், சின்னச் சின்ன வாடகை அறைகளில் குடும்பம் குடும்பமாக. வீட்டில் யாராலும் சமாளிக்க முடியாத, சொந்தக்காரர்கள் வாசலில் நுழைய விடாத பிள்ளையை இங்கே யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. அதற்காகவே வருகிறவர்கள் உண்டு என்று எனக்கு இன்றுதான் புரிந்தது.

ஆனால் 2001 ஆகஸ்ட் 6 நடந்ததும் இதே ஊரில்தான். விடியற்காலையில் ஒரு தனியார் காப்பகத்தில் கூரைக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப் போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, இப்படியான காப்பகங்களை அரசு மூடியது. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த மனநோயாளியையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அந்த 28 பேரை இங்கே கொண்டுவந்து விட்டவர்களும் கடவுளை நம்பித்தான் விட்டார்கள். அவர்கள் நம்பிக்கையைக் காசாக்க ஒருவன் கொட்டகை போட்டான். துவா செய்கிற இடத்தில் சங்கிலிக்கு என்ன வேலை என்று அன்றைக்கே யாராவது கத்தியிருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குக் கடவுள் மேல் கோபமே வரவில்லை, ஆட்கள் மேல்தான் வருகிறது.

இப்போது தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மனநல மருத்துவமும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். தவா, துவா, அதாவது மருந்தும் பிரார்த்தனையும். குஜராத்தில் ஒரு தர்காவில் முதலில் தொடங்கிய முறை. ஓதுகிறவரே, மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்லி அனுப்பினால் ஜனங்கள் கேட்டுக்கொள்கிறார்கள், டாக்டர் தனியாகச் சொன்னால் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, சிவகங்கைப் பக்கம், இருபது வயது மகனோடு. பையன் கையில் கறுப்புக் கயிறு. அவர் மடியில் மஞ்சப்பை, அதற்குள் மாத்திரை அட்டைகள், காலை இரவு என்று பேனாவால் குறித்தது. அம்மாவும் அவரும் மருந்து விலை பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்ன வேண்டிக்கிறீங்க என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்னது: "ராத்திரி அவன் தூங்கணும்க்கா. அவன் தூங்குனா நானும் தூங்குவேன்."

ஃபாத்திஹா ஓதிய பெரியவருக்கு எழுபது வயதாவது இருக்கும். அப்பாவின் பெயரைக் கேட்டு, என்ன நோய் என்று கேட்டு, ஓதி முடித்துவிட்டு அய்யூப் நபியைப் பற்றிச் சொன்னார். சொத்து போய், பிள்ளைகள் போய், உடம்பெல்லாம் நோய் வந்த நபி. கிறிஸ்தவர்கள் யோபு என்பார்கள். "அவங்க கேட்ட துஆவைப் பாருங்க. எனக்குக் குணமாக்குன்னு கேக்கல. துன்பம் என்னைத் தொட்டிருச்சு, நீ கருணையாளர்களுக்கெல்லாம் கருணையாளன். அம்புட்டுத்தான் சொன்னாங்க." என்ன வேண்டுமென்று சொல்லக்கூட இல்லை, நிலைமையைச் சொன்னார், யாரிடம் சொல்கிறோம் என்பதைச் சொன்னார். எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நபிக்குச் சரி. நமக்கு விவரமாச் சொன்னாத்தானே ஆகும்" என்றார், ரூமுக்கு வந்த பிறகு.

வெள்ளி, ராமேஸ்வரம்

கீழக்கரை வழியாக ராமநாதபுரம், அப்புறம் ராமேஸ்வரம் பஸ். பாம்பன் பாலத்தில் வண்டி ஏறியதும் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள், 1914-இல் திறந்த பழைய ரயில் பாலமும் 2025-இல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில். கீழே விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள்.

லாட்ஜில் பையை வைக்கும்போதே தம்பி போன். பிரஷர் இறங்கிவிட்டது. மிஷினில் போட்டு மூன்றாவது மணி நேரத்தில் அப்பாவுக்கு வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு, சலைன் ஏற்றி, அரை மணி நேரம் முன்னாலேயே நிறுத்திவிட்டார்களாம். இப்போது நன்றாக இருக்கிறார், இட்லி சாப்பிட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நவக்கிரகம், பெருமாள், தர்கா, மூன்று இடத்திலும் இந்த மனுஷி கேட்டது இந்த ஒன்றைத்தான். லாட்டரியா கேட்டார்? அம்மா கட்டிலில் உட்கார்ந்து தம்பியிடம் நிதானமாக விசாரித்தார். எடை எவ்வளவு ஏறியிருந்தது? மூன்றரைக் கிலோ. விஷயம் வெளியே வந்துவிட்டது. நாங்கள் இல்லாத தைரியத்தில் அப்பா தண்ணீர் குடித்திருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் இருக்க வேண்டும். இந்த வெயிலில் பானையிலிருந்து நைசாக டம்ளர் டம்ளராக. சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்ததெல்லாம் அப்படியே தங்கும், அதை மிஷின் நாலு மணி நேரத்தில் அவசரமாக இழுக்கும்போது ரத்த அழுத்தம் சரிகிறது. நர்ஸ் எத்தனையோ தடவை சொன்னதுதான்.

"கோபமே வரலையாம்மா உனக்கு?" என்று கேட்டேன்.

"அவரு மேலயா, சாமி மேலயா?"

"ரெண்டு பேரு மேலயும்."

"அவரு தாகத்துல குடிச்சாரு. சாமி தரலைன்னா நான் கேக்குறத நிறுத்திருவேனா?" என்று சொல்லிவிட்டுத் தலைக்குக் கையை வைத்துப் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, தூங்கிவிட்டார் என்று நினைத்த நேரத்தில், "தப்பாக் கேட்டுட்டேன். பிரஷர் இல்ல, தாகம் அடங்கணும்னுல்ல கேட்டிருக்கணும்" என்றார்.

சனி, ராமேஸ்வரம்

அக்னி தீர்த்தம் என்கிற கடலில் முங்கி, சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் நடந்து, 22 தீர்த்தம். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்து கோடி தீர்த்தத்தில் முடியும். ஒவ்வொரு கிணற்றிலும் சுவர் மேல் நின்று வாளியை விட்டு இழுத்து ஊற்றுகிறவர்களின் வேகத்தைப் பார்க்க வேண்டும். நாம் கண்ணை மூடிக் கடவுளை நினைப்பதற்குள் அடுத்த ஆள் தலையில் ஊற்றிவிடுவார்கள். பெரிய பிரகாரம் உலகப் புகழ், 1212 தூண் என்பார்கள், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்து வேலை. ஈரத்துணியோடு அதில் நடந்தால் புகழெல்லாம் மறந்து வழுக்காமல் இருந்தால் போதும் என்றிருக்கிறது.

தலையில் தண்ணீர் விழும்போதெல்லாம் அம்மா, "அவருக்குத் தாகம் அடங்கணும்" என்றார். பக்கத்தில் வந்த தெலுங்கு அம்மாளுக்கு இது ஏதோ மந்திரம் என்று தோன்றியிருக்க வேண்டும், கையைக் கூப்பிக்கொண்டார்.

மத்தியானம் பள்ளிவாசல் தெருவில் கலாம் வீட்டைப் பார்த்தோம். கலாம் தன் அப்பாவைப் பற்றி எழுதியது நினைவுக்கு வந்தது. தொழுகை முடிந்து அவர் வெளியே வரும்போது, வெவ்வேறு மதத்துக்காரர்கள் கிண்ணத்தில் தண்ணீரோடு காத்து நிற்பார்களாம். அவர் விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு ஓதுவார், அதை வீட்டில் நோயாளிக்குக் கொண்டுபோவார்கள். குணமானவர்கள் நன்றி சொல்ல வந்தால், அல்லாவுக்கு நன்றி சொல்லுங்கள் என்று அனுப்பிவிடுவாராம். அந்தக் கிண்ணங்களில் பாதி பலிக்காமல் போயிருக்கும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. ஆனாலும் மறுநாளும் வாசலில் ஆள் நின்றிருக்கிறது. பலித்ததால் மட்டும் நின்றிருக்க மாட்டார்கள். வீட்டில் ஒருவர் முடியாமல் கிடக்கும்போது ஒரு கிண்ணத்தைக் கழுவி, தண்ணீர் பிடித்து, சிந்தாமல் ஏந்திக்கொண்டு தெருவில் நடப்பதற்கு ஒரு இடம் வேண்டும். சும்மா கையைக் கட்டிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். நான் உட்கார்ந்திருக்கிறேன், தெரியும்.

அம்மா கோடி தீர்த்தத்தைச் சின்னப் பாட்டிலில் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு, தங்கச்சிமடம், தனுஷ்கோடி

காலைத் திருப்பலி. வெள்ளைச் சேலைகள், கடைசி வரிசைகளில் மீன் வாடையும் பவுடர் வாசனையும். முடிந்த பிறகு அந்தோணியார் சுரூபத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அக்காவோடு பேச்சு. வீட்டுக்காரர் போன படகை இலங்கை நேவி பிடித்துப் போய், ஆளை விட்டார்கள், படகை விடவில்லை. அவர் திரும்பி வந்ததிலிருந்து அதிகம் பேசுவதில்லை, வலையைக் கூடத் தொடுவதில்லை. இந்த அக்கா கச்சத்தீவு திருவிழாவுக்குப் போய் அந்தோணியாரிடம் வேண்டிவிட்டு வந்தாராம். அந்தக் கோயிலே நம் நம்புதாளைக்காரர் கட்டியது என்று பெருமையாகச் சொன்னார். படகு திரும்பக் கிடைக்க வேண்டினீர்களா என்று கேட்டேன். "இல்ல. அவுக பழையபடி என்னையத் திட்டணும்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார், அந்த அக்காவும் சிரித்தார், இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

தனுஷ்கோடி போகும் வழியில் கோதண்டராமர் கோயில், விபீஷணன் சரணடைந்த இடம். பட்டர் சொன்ன கதையின் மறுபாதி. 1964 புயலுக்கும் அசையாமல் நின்றது என்று கூட வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், அதையே சாமியின் சக்திக்குச் சாட்சியாகவும் சொன்னார்கள். அதே புயல்தான் கொஞ்ச தூரத்தில் மாதா கோயிலைச் சுவர் மட்டும் மிச்சமாக விட்டது. டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலை கொண்டுபோனது. அந்தப் பெட்டிகளில் ராமா என்றும் அல்லா என்றும் மாதாவே என்றும் கூப்பிடாதவர் யார் இருந்திருப்பார்? கோயில் நின்றதற்குக் காரணம் சொல்கிறவர்கள் ரயில் போனதற்கும் ஒரு காரணம் சொல்லிப் பார்க்கட்டும். நான் இரண்டுக்கும் சொல்ல மாட்டேன். அம்மாவும் சொல்லவில்லை. இடிந்த சர்ச்சுக்குள் போய் நின்று, பெயர் தெரியாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். வெளியே மீன் பொரிக்கிற வாசனை, செல்ஃபி, சங்கு மாலை. அரிச்சல்முனை வரை போய்த் திரும்பினோம், வெயில் மண்டையைப் பிளந்தது.

திங்கள், ஓரியூர்

இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஆட்டோ. பட்டியலில் கடைசி.

போர்ச்சுக்கல்லில் லிஸ்பனில் பிறந்து, காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, மறவர் சீமையில் ஊர் ஊராக நடந்த கிறிஸ்தவக் குரு அருளானந்தரை 1693 பிப்ரவரி 4 அன்று இங்கே வெட்டினார்கள். 1947-இல் புனிதர் பட்டம். மண் சிவப்பாக இருப்பது அவர் ரத்தத்தால் என்று ஜனங்கள் நம்புகிறார்கள், நோய்க்குப் பூச எடுத்துப் போகிறார்கள்.

அவர் ஏன் வெட்டப்பட்டார் என்கிற கதையைக் கோயில் வாசலில் ஒரு தாத்தா சொன்னார். தடியத்தேவர் என்கிற பெரிய ஆள் தீராத நோயில் கிடந்தார். மருந்து, மந்திரம் எதுவும் கேட்கவில்லை. அருளானந்தரின் உதவியாளரான உபதேசியார் வந்து ஜெபித்தார், எழுந்து உட்கார்ந்தார். பிறகு ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவிதான் இருக்க வேண்டும் என்று விதி, மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மன்னர் கிழவன் சேதுபதிக்கு உறவு. அவள் போய் அழுதாள். சாமியார் தலை போனது. அதாவது ஒரு ஜெபம் பலித்தது, அந்த இழை கடைசியில் கொலையில் போய் நின்றது, அந்தப் பெண்ணின் கஷ்டத்தை யாரும் வேண்டுதலாக எழுதி வைக்கவும் இல்லை. பலிக்காததைப் பற்றித்தான் இத்தனை நாளாக எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். பலித்தால் அத்தோடு முடிந்தது என்றும் இல்லை போலிருக்கிறது.

அம்மா முந்தானையில் ஒரு பிடி மண் முடிந்துகொண்டார். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கையில் பூசிவிடக் கூடாது, தொற்று வரும் என்று நான் ஆரம்பிக்கும் முன்பே, "தெரியும், தலகாணிக்குக் கீழ வைக்கத்தான்" என்றார். அப்பாவின் அந்தக் கையை அம்மா தினமும் காலையில் விரல் வைத்துப் பார்ப்பார், உள்ளே சுருசுருவென்று ரத்தம் ஓடுகிற அதிர்வு தெரிய வேண்டும், தெரிந்தால் ஃபிஸ்டுலா வேலை செய்கிறது. இந்த ஆறு நாளும் அதைத் தம்பி பார்த்தான். "ஓடுதாடா?" என்று போனில் முதல் கேள்வி அதுதான்.

தொண்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பாவே கூப்பிட்டார். இரண்டு நாளாகத் தண்ணீரை அளந்துதான் குடிக்கிறாராம், நம்பச் சொன்னார். ஐஸ் கட்டி வாயில் போட்டுக்கொள்கிறாராம், அது கணக்கில் வராது என்று வாதம். வரும் என்று அம்மா. கருவாடு வாங்கினீர்களா என்று கேட்டு, உப்பு கூடாது என்று ஒரு திட்டு வாங்கினார். பிறகு தீர்த்தம் பிடித்தீர்களா என்று கேட்டார்.

"பிடிச்சேன். கோடி தீர்த்தம்."

"அதுவாவது கணக்குக்கு வெளிய தானே?"

அம்மா என்னைப் பார்த்தார். பஸ் வந்துவிட்டது, பையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "ஒரு ஸ்பூன். அதுவும் கணக்குலதான்."